சென்ட் அடிக்கும் முன் பக்கத்து மூக்கையும் நினையுங்கள்

நமக்குப் பிடித்த வாசனை பக்கத்தில் இருப்பவருக்கு ஒற்றைத் தலைவலியையோ ஆஸ்துமா இழுப்பையோ கிளப்பிவிடலாம். சிக்கல் நம் மூக்கில்தான் இருக்கிறது. அடித்த சில நிமிடங்களில் அது அந்த மணத்துக்குப் பழகிவிடும்; வாசனை போய்விட்டது என்று நினைத்து இன்னொரு முறை அடித்துக்கொள்வோம். அதனால் மூக்கை நம்பாமல் எண்ணிக்கையை நம்புங்கள்: ஒரே ஒரு முறை, சட்டைக்குள் மறையும் இடத்தில், கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே. துணியில் வேண்டவே வேண்டாம், எளிதில் போகாது. மருத்துவமனைக்கோ நாலு பேர் சேர்ந்து போகும் காருக்கோ சென்ட்டே வேண்டாம்.

அப்புறம், யாராவது "தலை வலிக்கிறது" என்று சொன்னால் முகம் சுளிக்காதீர்கள்; அதைச் சொல்ல அவர் எவ்வளவு தயங்கியிருப்பார்! சென்ட் அடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.