வீட்டில் ஒரு முதலுதவிப் பெட்டி: ஒரே மாலையில் தயார் செய்யலாம்

காய்கறி நறுக்கும்போது விரலில் கத்தி படுவது, ராத்திரி திடீரென்று குழந்தைக்குக் காய்ச்சல், கையில் எண்ணெய் தெறிப்பது எல்லாம் எந்த வீட்டிலும் நடப்பதுதான். அந்த நேரத்தில் பஞ்சு எங்கே, பிளாஸ்திரி எங்கே என்று பீரோவைக் குடையக் கூடாது.

முதல் வேலை, ஃப்ரிட்ஜ் மேலே, டிவி டிராயர், ஹேண்ட்பேக் என்று வீடு முழுக்கக் கிடக்கிற மருந்துகளை ஒரே இடத்தில் கொட்டுங்கள். காலாவதியானது, அட்டை கிழிந்து தேதியே தெரியாதது, பாதியில் நிறுத்திய ஆன்டிபயாடிக், திறந்து ஒரு மாதம் தாண்டிய கண் சொட்டு மருந்து எதுவும் வேண்டாம்.

அடுத்து, இறுக்கமாக மூடுகிற ஒரு பிளாஸ்டிக் டப்பா. சமையலறைச் சூடும் பாத்ரூம் ஈரமும் மருந்துக்கு ஆகாது, அதனால் ஹாலிலோ படுக்கையறையிலோ குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைத்து, பெரியவர்கள் எல்லோரிடமும் இடத்தைச் சொல்லிவிடுங்கள். காஸ் துணி, ரோலர் பேண்டேஜ், டேப், பிளாஸ்திரி, கத்தரிக்கோல், முள் எடுக்க ட்வீசர், கையுறை, போவிடோன் அயோடின் (காயத்துக்குப் போடுகிற கிருமிநாசினி), டிஜிட்டல் தெர்மாமீட்டர், ஓ.ஆர்.எஸ். (வயிற்றுப்போக்குக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற பொடி), பாராசிட்டமால்: இவ்வளவு இருந்தால் போதும். ஓ.ஆர்.எஸ். வாங்கும்போது அது 1 லிட்டருக்கா 200 மில்லிக்கா என்று பாக்கெட்டில் பாருங்கள். முழுப் பாக்கெட்டையும் சரியான அளவு தண்ணீரில் கரைக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குப் பிறகு மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.

குழந்தைகளின் பாராசிட்டமால் சிரப்பில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். 5 மில்லியில் 125 மி.கி. இருக்கிற பாட்டிலும் உண்டு, 250 மி.கி. இருக்கிறதும் உண்டு, இரண்டையும் ஒரே அளவில் கொடுத்தால் மருந்து இரட்டிப்பாகிவிடும். அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது. டாக்டரிடம் கேட்டு, எத்தனை மில்லி, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை என்று எழுதி பாட்டிலிலேயே ஒட்டுங்கள், எடை கூடக் கூட மறுபடி கேளுங்கள். சமையலறை ஸ்பூன் வேண்டாம், கூட வருகிற அளவு மூடியிலேயே ஊற்றுங்கள்.

சூடு பட்டால் டப்பாவைத் தேடவே வேண்டாம், நேராகக் குழாயடிக்குப் போங்கள். ஓடுகிற தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும்; எரிச்சல் குறைந்ததும் எடுத்துவிடுகிறார்கள், அது போதாது. வீங்குவதற்கு முன்பே வளையல், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். டூத்பேஸ்ட், இங்க், மஞ்சள், ஐஸ் எதையும் வைக்காதீர்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள். முகத்திலோ மூட்டிலோ பட்டிருந்தாலும், உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

வெட்டுக்காயம் என்றால் காஸ் வைத்து விடாமல் 10 நிமிடம் அழுத்துங்கள், நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்துப் பார்க்கக் கூடாது. மூக்கில் ரத்தம் வந்தால் தலையை முன்னால் சாய்த்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். நாய் கடித்தால், சின்னக் கீறலாக இருந்தாலும், சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசிக்குக் கிளம்புங்கள்.

கடைசியாக, டப்பா மூடியின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டுங்கள். 108, குடும்ப டாக்டர் நம்பர், யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, பெரியவர்கள் தினமும் சாப்பிடுகிற மாத்திரைகள், கூடவே வீட்டு முகவரியும் பக்கத்து அடையாளமும், ஏனென்றால் பதற்றத்தில் சொந்தத் தெருப் பெயரே வாயில் வராது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுவது, மயக்கம் என்றால் டப்பாவைத் திறக்காமல் 108-ஐ அழையுங்கள், அவர்கள் சொல்லும்வரை லைனைத் துண்டிக்காதீர்கள், ஒருவர் தெருமுனைக்குப் போய் நிற்கட்டும்.