பிள்ளையாரோடு பேரம் வேண்டாம்

உயர்தரப் பரீட்சை எழுதி முடித்துவிட்டேன். மட்டக்களப்பில் சாதாரண தரத்துக்குப் படிக்கும் தம்பி தங்கைமாருக்கு ஒரு குறிப்பு: பிள்ளையாரோடு பேரம் பேசாதீர்கள்.

நான் பேசினேன். சாதாரண தரக் கணிதத்தில் ஏ வந்தால் 108 தேங்காய் உடைப்பதாக மாமாங்கப் பிள்ளையாருக்கு நேர்ந்தேன். வந்தது எஸ், வெறும் சாதாரண சித்தி. "தேங்காய்க் காசாவது மிச்சம்" என்றார் அம்மா. திரிகோணகணிதப் பக்கங்களை நான் திறக்கவே இல்லை என்பது பிள்ளையாருக்கும் தெரிந்துதானே இருக்கும்.

உயர்தரத்தில் முறையை மாற்றினேன். அதிகாலை 5 மணிக்கு முகம் கழுவி, திருநீறு பூசி, ஒரு தேவாரம் பாடுவேன். பிறகு அன்றைக்கு மிகவும் பயமுறுத்தும் பாடப்பகுதியின் பெயரைத் துண்டுத்தாளில் எழுதிச் சாமிப்படத்தின் முன் வைப்பேன். அதிலிருந்து கடந்தகால வினா ஒன்றையாவது செய்த பிறகே இரவு அந்தத் தாளை எடுப்பேன். ஏமாற்றலாம்தான், ஆனால் படத்துக்கு முன்னால் நின்று பொய் சொல்வது லேசில்லை. முதல் வாரம் ஒரே தாள் நான்கு நாள் அங்கேயே கிடந்து, விபூதி படிந்து வெளுத்துப்போனது. கைபேசிக்கும் அந்தச் சாமியறைதான் இடம்.

மாமாங்கக் கோயிலின் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குப் போகாதே என்று ரியூஷனில் சொல்வார்கள். போங்கள். தீர்த்தமாடும் ஒரு காலை படிப்பைக் கெடுக்காது. திருவிழா முழுவதும் கச்சான் கடையடியில் நிற்பதுதான் கெடுக்கும்.

சைவநெறியும் சாதாரண தரத்தின் ஒன்பது பாடங்களில் ஒன்று. கடைசி இரவுக்கு அதைத் தள்ளிவைக்க வேண்டாம்.

காத்தான்குடி நண்பன் ஒருவன் சுபஹ் என்னும் அதிகாலைத் தொழுகையை முடித்துவிட்டு இதே துண்டுத்தாள் வேலையைச் செய்கிறான். அவன் தாளை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைக்கிறான்.