பழைய நிஞ்ஜா டர்டில் பொம்மையை எடைபோடுவது எப்படி?

நிஞ்ஜா டர்டில்ஸ் கார்ட்டூன் அமெரிக்கத் தொலைக்காட்சியில் முதலில் வந்தது 1987 டிசம்பரில். அடுத்த வருஷமே பிளேமேட்ஸ் நிறுவனம் அதன் பொம்மைகளைக் கடைகளில் இறக்கியது. நாலு ஆமைகள், ஸ்ப்ளின்டர், ஏப்ரல், ஷ்ரெடர், ராக்ஸ்டெடி, பீபாப், ஃபுட் சோல்ஜர் என்று முதல் தொகுதியில் பத்துப் பேர். இன்று இணையத்தில் இவற்றை விற்பவர்கள் எல்லோருமே "அரிய பொருள்" என்றுதான் எழுதுகிறார்கள். பழசு என்பது சரி. ஆனால் மலை மலையாய் விற்றுத் தீர்ந்த பொம்மைகள் இவை, ஆகவே வயது மட்டும் விலையைத் தூக்காது. கூட வந்த சாமான்கள் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்பதில்தான் பாதி மதிப்பு இருக்கிறது. நாலு ஆமைகளில் ஒன்றான, நீல முகமூடி போட்ட லியோனார்டோவை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

1. என்ன பதிப்பு என்று கண்டுபிடியுங்கள்

உடம்பில் பொறித்திருக்கும் சின்ன எழுத்தைத் தேடுங்கள். அது எங்கே இருக்கும் என்பது பொம்மைக்குப் பொம்மை மாறும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். மிராஜ் ஸ்டுடியோஸ் (ஆமைகளின் காமிக்ஸை வெளியிட்டவர்கள்), பிளேமேட்ஸ் என்ற பெயர்களும் வருஷமும் இருக்கும். அங்கே பொறித்திருப்பது காப்புரிமை வருஷம், பொம்மை தயாரான வருஷம் அல்ல. 1988 என்று பொறித்த அதே அச்சில் பிற்பாடும் பொம்மைகள் வார்க்கலாம். பிளேமேட்ஸே பழைய உருவங்களைப் பல தடவை மறுவெளியீடு செய்திருக்கிறது. அதனால் எண்ணைப் பார்த்ததுமே பணத்தை அனுப்பிவிடாதீர்கள்.

நாலு ஆமைகளுக்கு மட்டும் இன்னொரு சோதனை உண்டு. முதலில் வந்தவற்றின் தலை மெத்தென்ற ரப்பர் மாதிரி இருக்கும். கன்னத்தை லேசாக அமுக்கினால் உள்ளே போகும். பிறகு கெட்டி பிளாஸ்டிக்குக்கு மாறிவிட்டார்கள். சேகரிப்பவர்கள் மெத்தென்ற தலைக்குக் கூடுதல் பணம் தருகிறார்கள். புகைப்படத்தைப் பார்த்து இதைச் சொல்வது கஷ்டம். விற்பவரிடம் தலையை அமுக்கிக் காட்டும் வீடியோ கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் கெட்டித் தலை என்றே கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

2. உடம்பைப் பாருங்கள்

முதலில் மூக்கும் முகமூடியும். லியோனார்டோவின் நீல முகமூடி அச்சில் வார்த்ததுதான், மேலே பெயின்ட் பூசியிருப்பார்கள். விளையாடிய பொம்மை என்றால் மூக்குக்கு மேலே, முடிச்சின் நுனியில், புருவ மேட்டில் அந்த நீலம் தேய்ந்து கீழே பச்சை எட்டிப் பார்க்கும். யாராவது திரும்பப் பெயின்ட் அடித்திருந்தால் நீலத்தின் ஓரம் கோணலாக, கொஞ்சம் தடித்துத் தெரியும். பற்களையும் கண்ணின் வெள்ளையையும் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். திரும்பப் பூசியதை மறைத்து விற்பதுதான் இந்தச் சந்தையில் எனக்குப் பிடிக்காத விஷயம். சொல்லிவிட்டு விற்றால் தப்பே இல்லை.

அப்புறம் கை, கால், தலையை ஒவ்வொன்றாகத் திருப்புங்கள். ஆட்டம் கண்ட இடுப்பு மூட்டு உள்ள பொம்மை நிற்காது. தொட்டால் பிசுபிசுப்பாக இருந்தால், மென்மையான பிளாஸ்டிக்கில் கலந்திருந்த ரசாயனம் மேற்பரப்புக்குக் கசிகிறது என்று அர்த்தம். துடைத்தாலும் திரும்ப வரும். பிள்ளைகள் கடித்த பல் தடம் விரல் நுனியிலும் முடிச்சிலும் இருக்கும். ஓட்டின் அடியில் பேனாவால் எழுதிய பெயரும் கிடைக்கலாம்.

அழுக்கைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் மென்மையான பல் துலக்கும் பிரஷும் போதும். ஊறப் போடாதீர்கள், மூட்டுக்குள் தண்ணீர் தங்கிவிடும். நெயில் பாலிஷ் ரிமூவரை அருகிலேயே கொண்டுவராதீர்கள், பெயின்ட்டையும் சேர்த்துக் கொண்டு போய்விடும்.

3. சாமான்களை எண்ணுங்கள்

லியோனார்டோவுக்குத் தனியாகக் கழற்றும் பெல்ட் உண்டு, அதில் பெயரின் முதலெழுத்து இருக்கும். பெல்ட் காய்ந்து வெடித்திருக்கிறதா, முதுகுப் பக்கம் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆயுதங்கள் ஒரே பழுப்பு பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டியபடி வந்தன. பிள்ளைகள் பிய்த்து எடுத்துக்கொள்வார்கள். தொலைவது பெரும்பாலும் இவைதான். சட்டம் முழுசாகவே இருந்தால் அது நல்ல சேதி.

இங்கேதான் போலிகளும் நுழைகின்றன. ஒரிஜினல் வாளை அச்செடுத்து வார்த்த நகல் வழக்கமாக இம்மி சின்னதாகவும், நுணுக்கங்கள் மழுங்கியும் இருக்கும். பளபளப்பும் பழுப்பின் சாயலும் ஒத்துவராது. முப்பரிமாண அச்சில் எடுத்ததென்றால் மெல்லிய வரிகள் அடுக்கடுக்காகத் தெரியும். சந்தேகமில்லாத ஒரு வாளைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைவிடச் சிறந்த சோதனை கிடையாது.

மற்ற பாத்திரங்களுக்கும் இதே கணக்குதான்: ஷ்ரெடருக்குத் தோளில் போடும் ஊதா மேலங்கி, ஸ்ப்ளின்டருக்குத் துணி அங்கி. அங்கி இல்லாத ஸ்ப்ளின்டர் பார்க்கவே பரிதாபமாக இருக்கும்.

4. அட்டையோடு இருந்தால்

பிரிக்காத பொம்மை என்றால் அட்டை, பிளாஸ்டிக் குமிழ், உள்ளே இருக்கும் உருவம் மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஏஎஃப்ஏ போன்ற, பொம்மையின் நிலையைச் சோதித்துத் தரம் போடும் நிறுவனங்களும் இந்த மூன்றுக்கும் தனி மதிப்பெண் போடுகின்றன. குமிழ் மஞ்சளாகியிருக்கிறதா, ஓரம் அட்டையிலிருந்து தூக்கியிருக்கிறதா என்று பாருங்கள். தூக்கியிருந்தால் யாரோ திறந்து திரும்ப ஒட்டியிருக்கலாம். பின்பக்கத்தில் பத்துப் பேர் படம் மட்டும் இருந்தால் அது முதல் தொகுதி அட்டை, விலை ஏறும். "நிஞ்ஜா" இருக்க வேண்டிய இடத்தில் "ஹீரோ" என்று இருந்தால் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். பிரிட்டன் போன்ற ஐரோப்பிய நாடுகளில் நிஞ்ஜா என்ற சொல் வன்முறையானது என்று பெயரையே மாற்றித்தான் விற்றார்கள்.

5. விலை

கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். ஈபே தளத்தில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டி இருக்கிறது. அதைப் போட்டு, உங்கள் பொம்மையின் நிலையில் இருப்பவை என்ன விலைக்குப் போயின என்று பாருங்கள். ஒன்றிரண்டு விற்பனையை நம்ப வேண்டாம், நாலைந்தாவது வேண்டும். சேகரிப்பவர்கள் நிலையைச் சி1 முதல் சி10 வரை எழுதுவார்கள், சி10 என்றால் மிக நல்ல நிலை. விற்பவர் சொல்லும் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்துக்கொள்வது என் வழக்கம்.

பெல்ட்டோ வாளோ குறைந்தால் அவை தனியாக என்ன விலைக்குப் போகின்றன என்றும் தேடிக் கூட்டுங்கள். அம்மணமான லியோனார்டோவை மலிவாக வாங்கிச் சாமான்களை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்ப்பதைவிட, பல சமயம் எல்லாம் இருக்கும் ஒன்றை வாங்குவதே செலவு குறைவாக முடியும்.