யூனிட் கணக்கோடு மணிக் கணக்கும் வேண்டும்: சேலத்து சோலார் வீடுகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் வடக்கே சேர்வராயன் மலை தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் அந்த மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டோம். மின்கட்டணம் உடனே இறங்கியது. "எங்கள் வீட்டில் ஓடுவதெல்லாம் வெயில்தான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவந்தேன். நான் சொன்னது உண்மையில்லை என்று மீட்டரை மணிக்கு மணி குறித்துப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

நண்பகலில் எங்கள் தகடுகள் 2 கிலோவாட்டுக்கு மேல் கொடுக்கின்றன. அந்த நேரத்தில் வீட்டில் ஓடுவது ஒரு ஃபிரிட்ஜும் ஒரு மின்விசிறியும். மீதி மின்சாரம் கம்பி வழியாக வெளியே போய்விடுகிறது. பொழுது சாய்ந்ததும் தண்ணீர் மோட்டார், கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி, ஏசி என்று எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஓடத் தொடங்கும். அப்போது மாடித் தகடு தூங்குகிறது. அந்த நேரத்துச் சுமையின் பெரும்பகுதியை அனல் மின்நிலையங்களே தாங்குகின்றன. நம் மாவட்டத்து மேட்டூரிலேயே தலா 210 மெகாவாட்டில் நான்கு அலகுகளும் 600 மெகாவாட்டில் ஒரு அலகும் இருக்கின்றன. நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுத்தால் சுமார் ஒரு கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. போன யூனிட்டையும் வந்த யூனிட்டையும் நெட் மீட்டர் கழித்துக் காட்டுவதால் கட்டணச் சீட்டில் கணக்கு நேராகிவிடுகிறது. மேட்டூர் புகைபோக்கியில் அது நேராவதில்லை.

கட்டணம் குறைந்ததையே கார்பன் குறைந்ததாக எண்ணிக்கொள்ளும் இந்தத் தவறுதான் எல்லாவற்றிலும் பெரியது என்று நினைக்கிறேன். திருத்துவதற்கு எளியதும் இதுதான். ஆழ்துளைக் கிணற்று மோட்டாரை மாலை ஆறு மணிக்குப் போடும் பழக்கத்தைப் பகல் பன்னிரண்டுக்கு மாற்றினோம். மேல்நிலைத் தொட்டி நிறைந்துவிட்டால் இரவு முழுக்கத் தண்ணீர் தானாக இறங்கும். அந்தத் தொட்டிதான் எங்கள் பேட்டரி. ஆனைமலைப் பகுதியில் உள்ள கடம்பாறை நீரேற்று மின்நிலையம் 400 மெகாவாட் அளவில் செய்வதும் இதே வேலைதான்: மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேலே ஏற்றி வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது இறக்குகிறது. மாவு அரைப்பதையும் துணி துவைப்பதையும் இஸ்திரி போடுவதையும் பகலுக்கு நகர்த்தினோம். பகலில் வீட்டில் ஆளில்லாதவர்களுக்கு நேரம் வைத்து இயக்கும் டைமர் சுவிட்ச் கிடைக்கிறது.

"மேட்டூரில் அணை இருக்கிறதே, மாலையில் நீர்மின்சாரம் எடுத்துக்கொள்ளலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. அந்த அணை 1934-இல் பாசனத்துக்காகக் கட்டப்பட்டது. டெல்டாவுக்குத் தண்ணீர் திறக்கும் அளவுக்கே அங்கே மின்சாரம் கிடைக்கும். மதகை நம் மாலை நேரத்துக்காகத் திறந்துவிட முடியாது.

அடுத்தது, மானியத்தைப் பார்த்து அளவைத் தீர்மானிப்பது. பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாயும் தருகிறார்கள். 78,000 ரூபாய்க்கு மேல் இல்லை. அந்தத் தொகைக்காகவே எல்லோரும் 3 கிலோவாட் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். நம் ஊரில் ஒரு கிலோவாட் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் செலவழிக்கும் குடும்பத்துக்கு முதல் 100 யூனிட்டை அரசு ஏற்கெனவே இலவசமாகத் தருகிறது. அவர்களுக்கு ஒரு கிலோவாட்டே போதும். மிச்சமாகும் பணத்தில் பழைய மின்விசிறிகளை மாற்றலாம். பழைய விசிறி 75 வாட் இழுக்கும், மின்சாரம் குறைவாக இழுக்கும் புதிய வகை பி.எல்.டி.சி. விசிறிக்கு 30 வாட்டை ஒட்டிய அளவு போதும். வாங்காத தகட்டைச் செய்யவும் எந்த ஆலையும் புகை விட வேண்டியதில்லை.

மின்தடை வந்தாலும் சோலார் ஓடும் என்று நம்பிப் போடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பேட்டரி இல்லாத, மின்வாரியக் கம்பியோடு இணைந்த அமைப்பு, கம்பியில் மின்சாரம் நின்ற உடனே தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்க அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். இதை விற்பவர் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். எங்களுக்குப் போட்டுக் கொடுத்த நிறுவனம் சொல்லவில்லை.

நிழலை ஒரே ஒரு நாள் பார்த்துவிட்டு இடம் குறிப்பதும் தவறு. சேலம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பதினொன்றரைப் பாகையை ஒட்டி இருக்கிறது. ஆகவே தகடு தெற்கு நோக்கிச் சற்றுச் சாய்ந்திருக்க வேண்டும். ஆனால் சித்திரை இரண்டாம் வாரத்திலிருந்து ஆவணித் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடுகிறது. மார்கழியில் தொந்தரவே தராத வடபுறத் தண்ணீர்த் தொட்டி ஆனியில் தகட்டின் மேல் நிழல் போடும். தகடுகளைத் தொடராக இணைப்பதால், ஒன்றின் மேல் விழும் தென்னங்கீற்று நிழல் மற்றவற்றின் உற்பத்தியையும் இழுத்துப் பிடிக்கும். மார்கழியில் ஒருமுறை, ஆனியில் ஒருமுறை, காலை ஒன்பதுக்கும் மாலை மூன்றுக்கும் மாடியேறிப் பாருங்கள். கழுவும் வேலை அதிகாலையில் இருக்கட்டும். நம் ஆழ்துளைத் தண்ணீர் உப்பு. கொதிக்கும் கண்ணாடியில் அதை ஊற்றினால் வெள்ளைப் படலம் படிந்து, தூசியைவிட அதிகமாக ஒளியை மறைக்கும்.

ஏற்காட்டில் குளிர், அங்கே சோலார் எடுபடாது என்பது பரவலான நம்பிக்கை. தகட்டுக்கு வேண்டியது ஒளி. வெப்பம் அதற்கு எதிரி. அதன் திறனை 25 டிகிரியில் அளந்துதான் எழுதுகிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 விழுக்காடு குறையும். சித்திரையில் சேலத்துத் தகடு 65 டிகிரியைத் தொட்டால் ஏழில் ஒரு பங்கு உற்பத்தி போய்விடும். அதனால்தான் தகரக் கூரையோடு ஒட்டிப் பொருத்தாமல், அடியில் காற்றோட இடைவெளி விட வேண்டும் என்கிறார்கள். ஏற்காட்டில் வானம் தெளிந்த நாளில் தகடு சேலத்தைவிட நன்றாகவே உழைக்கும். மூடுபனி மாதங்களில் குறையும். அதையும் கணக்கில் சேர்த்தே அளவைத் தீர்மானிக்க வேண்டும். ஆனால் வெயில் வேண்டுமென்று காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களில் கை வைக்காதீர்கள். காப்பிக்கு நிழல், மிளகுக் கொடிக்குக் கொழுகொம்பு, தன் உடலுக்குள் கார்பன் என்று அந்த மரம் ஏற்கெனவே மூன்று வேலை செய்துகொண்டிருக்கிறது.

செய்தி படிப்பதிலும் ஒரு குழப்பம். இந்தியாவின் நிறுவுதிறனில், அதாவது எல்லா மின்நிலையங்களும் சேர்ந்து தரக்கூடிய உச்ச அளவில், பாதி புதைபடிவ எரிபொருள் சாராதது என்ற நிலை 2025-இல் வந்துவிட்டது. பெருமைப்பட வேண்டிய செய்திதான். அதை "பாதி மின்சாரம் பசுமையாகிவிட்டது" என்று படித்துவிடக் கூடாது. சூரியத் தகடு பகலில்தான் ஓடும். காற்றாலைக்குத் தென்மேற்குப் பருவக் காற்று வேண்டும். உற்பத்தியில் நிலக்கரியின் பங்கு இன்னும் 70 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது.

எங்கள் ஊர்த் தொழில்களைப் பற்றிப் பேசும்போது புகையை மட்டும் பார்க்கிறோம். ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். குச்சிக்கிழங்கை அரைத்து, பால் எடுத்து, குருணையாக்கி, வறுத்து, பரந்த களத்தில் காய வைக்கிறார்கள். சூரிய ஆற்றலைத் தொழிலுக்குப் பயன்படுத்துவதில் அந்தக் களங்கள் நமக்கெல்லாம் மூத்தவை. ஆனால் கழிவுநீரைத் திறந்த குட்டையில் தேக்கினால் அது புளித்து மீத்தேனை விடும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் 25 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். குட்டையை மூடி அந்த வாயுவைக் குழாயில் எடுத்தால் ஜெனரேட்டர் ஓட்டலாம், வறுக்கும் அடுப்பையும் எரிக்கலாம். பல ஆலைகள் அப்படிச் செய்கின்றன. குட்டையைத் திறந்தே விட்டுவிட்டு ஆலைக் கூரையில் சோலார் மட்டும் போட்டுப் பசுமை என்று பலகை வைப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

வெள்ளைக்கல் சூளை இன்னும் கடினம். வெள்ளைக்கல் என்னும் மேக்னசைட்டைச் சுட்டால் அதன் எடையில் பாதிக்கு மேல் கரியமில வாயுவாகப் போய்விடும். விறகு, எண்ணெய், மின்சாரம் என்று எதைக் கொண்டு சுட்டாலும் கல்லுக்குள் இருப்பது வெளியேறத்தான் செய்யும். எரிபொருளை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று இந்தத் தொழிலுக்கு வாக்குக் கொடுப்பவர்களிடம், கல்லுக்குள் இருப்பதை என்ன செய்வீர்கள் என்று கேட்க வேண்டும்.

மின்சாரக் காரில் ஏற்காடு போகிறவர்களுக்கு ஒன்று. சேலத்திலிருந்து மேலே சுமார் 1,200 மீட்டர் ஏற்றம். ஒன்றரை டன் வண்டியை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் ஏறக்குறைய 5 யூனிட் ஆகும். இறங்கும்போது வண்டியின் மோட்டாரே பிரேக்காக மாறி, அதில் ஒரு பகுதியைப் பேட்டரிக்குத் திருப்பித் தரும். விடுதியில் இரவெல்லாம் முழுக்கச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு புறப்பட்டால், திரும்பி வரும் மின்சாரத்துக்குப் பேட்டரியில் இடமிருக்காது. மோட்டார் பிடிமானம் குறைந்து, இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக் கட்டையே சுமையைத் தாங்க வேண்டியிருக்கும். மேலே 80 விழுக்காட்டோடு நிறுத்திவிட்டு இறங்குங்கள்; அடிவாரத்துக்கு வந்து சேரும்போது அளவு சற்று ஏறியிருக்கும்.