செயலியைப் பயனர்களிடம் சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு செயலி பயன்படுத்த எளிதாக இருக்கிறதா என்று ஆராய்பவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு, தாங்கள் உருவாக்கியதைத் தாங்களே நீட்டி, "பிடித்திருக்கிறதா?" என்று கேட்பதாகும். விருந்துக்குப் போன வீட்டில் சாம்பாரில் உப்பில்லை என்று யாரும் சொல்வதில்லை. இந்த முகதாட்சண்யத்தின் அளவை ஆய்வாளர் நிக்கோலா டெல் குழுவினர் பெங்களூரில் 450 நேர்காணல்கள் நடத்தி 2012இல் வெளியிட்டனர். முற்றிலும் ஒரே மாதிரியான இரண்டு படைப்புகளைக் காட்டியபோதும், கேள்வி கேட்பவர் உருவாக்கியது என்று தாங்கள் நம்பியதையே மக்கள் விரும்புவதாகச் சொல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 2.5 மடங்காக இருந்தது. மொழிபெயர்ப்பாளருடன் வந்த வெளிநாட்டு ஆய்வாளர் கேட்டபோது அது 5 மடங்காயிற்று. வெளிப்படையாகத் தரத்தைக் குறைத்துக் காட்டிய பின்னரும் அவருடையதே நன்று என்றார்கள்.

ஆகவே, எது யாருடையது என்பதைச் சொல்லாமல், முடிந்தால் உருவாக்கத்தில் பங்கில்லாத ஒருவரைக் கொண்டு, ஒரு வேலையைக் கொடுத்துவிட்டுக் கவனிப்பதே முறை. இங்கும் ஒரு சறுக்கல் உண்டு. திரையில் "கட்டணம் செலுத்து" என்ற பொத்தான் இருக்கும்போது "கட்டணம் செலுத்துங்கள்" என்றே வேலையைக் கொடுத்தால், பங்கேற்பாளர் அந்தச் சொல்லைத் தேடிப் பிடிப்பார், "இம்மாத மின்சார பில் வந்திருக்கிறது, என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால்தான் வழி புரிகிறதா என்பது தெரியும்.

அடுத்தது, "ஐந்து பேர் போதும்" என்ற வழக்கு. நீல்சன், லேண்டவர் என்ற ஆய்வாளர்கள் 1993இல் ஆராய்ந்த திட்டங்களில், ஒரு பயனர் சராசரியாக 31 விழுக்காடு சிக்கல்களை வெளிக்கொணர்ந்தார்; அந்தக் கணக்கில் ஐந்து பேர் ஏறத்தாழ 85 விழுக்காட்டைக் காட்டிவிடுவார்கள். ஆனால் பத்தில் ஒருவருக்கு மட்டுமே நேரும் சிக்கல் ஐந்து பேரிடம் ஒரு முறையாவது தென்படும் வாய்ப்பு 41 விழுக்காடுதான். லாரா ஃபாக்னர் 2003இல் 60 பேரைச் சோதித்து, அவர்களிலிருந்து ஐவர் ஐவராகக் குலுக்கலில் எடுத்தபோது, சில குழுக்கள் 99 விழுக்காட்டையும் சில வெறும் 55 விழுக்காட்டையும் கண்டன. பிழைகளைத் தேடித் திருத்திக்கொண்டே போகும் கட்டத்துக்கு ஐவர் போதும் என்றே நானும் கருதுகிறேன். ஐவரில் நால்வர் முடித்ததை "80 விழுக்காடு வெற்றி" என்று அறிக்கையில் எழுதுவதுதான் விபரீதம். அதன் 95 விழுக்காட்டு நம்பக இடைவெளி, அதாவது உண்மையான வெற்றி விகிதம் இருக்கக்கூடிய வரம்பு, சுமார் 28 முதல் 99 வரை விரிகிறது.

பயன்படுத்த எவ்வளவு எளிது என்று பயனர்களே மதிப்பிட ஜான் புரூக் 1986இல் உருவாக்கிய பத்து வாக்கிய மதிப்பீட்டுத் தாளும் (SUS) இப்படித்தான் தவறாக வாசிக்கப்படுகிறது. அதன் மதிப்பெண் 0 முதல் 100 வரை செல்வதால் பலர் அதை விழுக்காடாகவே எடுத்துக்கொள்கிறார்கள். பொதுவாகக் குறிப்பிடப்படும் சராசரியோ 68; ஆகவே 50 வாங்கியது நடுத்தரம் அல்ல, சராசரிக்கும் கீழே.

இரண்டு வடிவமைப்புகளை ஒப்பிடும்போது, பாதிப்பேருக்கு வரிசையை மாற்றிக் கொடுக்காவிட்டால், முதலாவதில் பழகிய கை இரண்டாவதற்கு ஆதாயமாகிவிடும். மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லிக்கொண்டே, வேலை முடிய எத்தனை நொடி ஆயிற்று என்றும் அளப்பது பொருந்தாது; பேச்சு நேரத்தை மாற்றிவிடும். பங்கேற்பாளர் திணறும்போது "மேலே வலப்பக்கம் பாருங்கள்" என்று உதவத் துடிக்கும் ஆய்வாளர்களும் உண்டு. அப்படி உதவிவிட்டால், அந்த வேலையை அவர் தாமாக முடித்ததாகக் கணக்கில் சேர்க்கக் கூடாது.