தத்துப்பிள்ளை வந்த பிறகு: பழையதைத் துடைக்காமல் வளர்ப்பது எப்படி

காகித வேலைக்கு நாலு வரி போதும், அதைச் சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். காப்பகத்துக் குழந்தை வேண்டுமென்றால் மத்திய தத்தெடுப்பு ஆணையமான காராவின் கேரிங்ஸ் தளத்தில் பதிய வேண்டும். தம்பதிக்குக் கல்யாணமாகி 2 வருடமாவது ஆகியிருக்க வேண்டும், குழந்தைக்கும் உங்களுக்கும் 25 வயதாவது இடைவெளி வேண்டும், சமூகப் பணியாளர் வீட்டைப் பார்த்து அறிக்கை எழுதுவார், அப்புறம் காத்திருப்பு, அது வருடக்கணக்கில் போகும். குழந்தையின் விவரம் வந்துவிட்டால் மட்டும் 48 மணி நேரத்துக்குள் பதில் சொல்லிவிட வேண்டும். 2022 செப்டம்பரிலிருந்து தத்து ஆணை கோர்ட்டில் இல்லை, கலெக்டர்தான் தருகிறார். நடுவில் யாராவது, தெரிந்த நர்ஸாகவே இருக்கட்டும், "ஒரு குழந்தை இருக்கு, கொஞ்சம் செலவாகும்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். குழந்தையை விற்றாலும் வாங்கினாலும் 5 வருடம் வரை ஜெயில்.

கஷ்டமெல்லாம் குழந்தை வீட்டுப்படி ஏறிய பிறகுதான் ஆரம்பம்.

நாங்கள் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு ஜில்லா, ஆபீஸ் காகிதமெல்லாம் மலையாளம், வீட்டில் சண்டையும் கொஞ்சலும் தமிழ். எங்கள் மகள் மூன்றரை வயதில் தெற்குக் கேரளத்துக் காப்பகம் ஒன்றிலிருந்து வந்தாள், மலையாளம் மட்டும் பேசிக்கொண்டு. இந்த ஊரில் அது யாருக்கும் பெரிய விஷயமில்லை. என் அம்மா உடுமலைப் பக்கம், அவருக்குத்தான் ஒன்றும் புரியாது. சோறு ஊட்டும்போது பிள்ளை "மதி, மதி" என்று தலையை ஆட்டுகிறது, இவர் "யாரு சாமி அந்த மதி? உன்கூட இருந்த பிள்ளையா?" என்று கேட்டுக்கொண்டே இன்னொரு உருண்டையைத் திணிக்கிறார். மலையாளத்தில் மதி என்றால் போதும். நான் சமையலறையிலிருந்து வந்து சொல்வதற்குள் வாந்தி.

அதனால் முதல் வேலை, குழந்தையின் பழைய சொற்களை நீங்கள் கற்றுக்கொள்வது, வீட்டுப் பெரியவர்களுக்கும் சொல்லிக்கொடுப்பது. கூட்டி வரும் நாளிலேயே காப்பகத்துச் சேச்சிகளிடம் உட்கார்ந்து கேளுங்கள்: என்ன பாட்டுக்குத் தூங்கும், விளக்கு எரிய வேண்டுமா, யாரோடு ஒட்டுதல், என்ன சொன்னால் பயப்படும். குழந்தையைப் பற்றி உங்கள் கைக்கு வரும் ஆய்வறிக்கையிலும் மருத்துவ அறிக்கையிலும் எடை, தடுப்பூசியெல்லாம் இருக்கும், இதெல்லாம் இருக்காது. போட்டுக்கொண்டு வந்த உடுப்பை உடனே துவைக்காதீர்கள். அந்த வாசனைதான் அதற்குத் தெரிந்த ஒரே வீடு. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற பெயரையும் மாற்ற வேண்டாம். நாங்களும் ஜோசியரிடம் எழுத்துக் கேட்டு ஒரு பெயர் வைத்திருந்தோம், இரண்டு நாள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டோம்.

பழைய மொழி என்ன ஆகும்? கொரியாவிலிருந்து 3 முதல் 8 வயதுக்குள் பிரெஞ்சு வீடுகளுக்குத் தத்துப் போனவர்களை, பெரியவர்களான பிறகு கூப்பிட்டுச் சோதித்தார்கள், 2003-ல் வந்த ஆய்வு அது. கொரிய மொழியைக் கேட்டால் கொரியன் என்றுகூட அவர்களால் அடையாளம் காண முடியவில்லை. ஆனால் 2014-ல் இன்னொன்று வந்தது. சீனாவிலிருந்து ஒரு வயதுவாக்கில் கனடாவின் க்யூபெக்குக்குப் போன பிள்ளைகள், பிரெஞ்சு தவிர ஒன்றும் தெரியாதவர்கள், சீன மொழியின் ஏற்ற இறக்க ஒலியைக் கேட்டபோது அவர்கள் மூளை சீனம் பேசுகிறவர்களின் மூளை மாதிரியே வேலை செய்ததாம். வாய் மறந்தாலும் அடியில் ஏதோ கிடக்கிறது. எங்களுக்கு இது சுலபம், தெருவில் இறங்கினால் மலையாளம். தமிழ்நாட்டுக்குள் இருப்பவர்கள்தான் கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.

அடுத்தது சொந்தபந்தம். வந்த இரண்டாவது வாரம் தலையணைக்கு அடியில் பிஸ்கட், அலமாரிக்குப் பின்னால் பாதி தோசை, எறும்பு வரிசை. ஒரு பெரியம்மா பார்த்துவிட்டு "ரத்தம் பேசாம இருக்குமா" என்றார். ரத்தமெல்லாம் இல்லை, காப்பகத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்கு நடுவில் இருந்த பழக்கம். அதட்டாதீர்கள், தேடிப் பிடிக்காதீர்கள். படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு டப்பா வைத்து, இது உன்னுது, எப்போதும் நிறைந்திருக்கும் என்று சொல்லி, சொன்னபடி நிரப்பிக்கொண்டே இருங்கள். எங்களுக்கு அந்தப் பழக்கம் போக ஏழு மாதம் ஆனது. ஒட்டுதலுக்கும் நாளாகும். ருமேனியாவில் புக்கரெஸ்ட் காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் விட்டு, 2000-களின் தொடக்கத்திலிருந்து வருடக்கணக்கில் கவனித்தார்கள். இரண்டு வயதுக்குள் வீட்டுக்குப் போனவர்கள் பெரியவர்களோடு ஒட்டிக்கொள்வதில் அதிகம் தேறினார்கள். எங்களைப் போல மூன்றரையில் கூட்டி வந்தவர்கள் இதைப் படித்தால் வயிறு கலங்கும், எனக்கும் கலங்கியது. தாமதமாக வந்தால் தாமதமாகத்தான் ஒட்டும், அவ்வளவே என்று எடுத்துக்கொண்டேன்.

ரத்தம், குலம் என்று பேசுகிறவர்களுக்கு எங்கள் ஜில்லாவிலேயே ஒரு கதை உண்டு, பறயி பெற்ற பந்திருகுலம், அதாவது பறையர் பெண் பெற்ற பன்னிரண்டு குலம். வரருசி என்ற பிராமணரும் அந்த மனைவியும் பாரதப்புழைக் கரையோரம் பிள்ளைகளைப் பெற்று விட்டுவிட்டுப் போக, பன்னிரண்டு பேரில் வாயில்லாத கடைசிப் பிள்ளை தெய்வமாகிவிட, மற்ற பதினோரு பேரும் வெவ்வேறு குலமாக வளர்கிறார்கள். ஒருவர் பிராமணரான அக்னிஹோத்ரி, ஒருவர் தச்சரான பெருந்தச்சன், ஒருவர் பறையரான பாக்கனார், ஒருவர் ராயிரநெல்லூர் மலையில் கல்லை உருட்டி ஏற்றிய நாராணத்துப் பிராந்தன். எந்த வீட்டில் வளர்ந்தார்களோ அந்தக் குலம். பெரியம்மாவிடம் இதைச் சொல்லலாம். எனக்குப் பிடித்தது கதையின் மீதி: தகப்பனார் திதிக்கு வருடா வருடம் எல்லாரும் அக்னிஹோத்ரி வீட்டில் கூடுவார்கள். வளர்ந்த வீட்டையும் விடவில்லை, பெற்றவர்களையும் விடவில்லை.

நிறம். என் மகள் எங்களைவிடக் கறுப்பு. கடலைமாவு போடு, குங்குமப்பூ கொடு, யார் சாயல், எந்த ஆளுங்க, எல்லாம் வரும், பெரும்பாலும் பிள்ளை காதுபடவே. முதல் தடவையே நிறுத்திவிடுங்கள். "அவ நிறம் அவளுக்கு நல்லாத்தான் இருக்கு அத்தை, காபி ஆறுது" என்பது என் பதில். சாதி கேட்டால் "எங்க பிள்ளைங்க" என்பதோடு சரி. விட்டுக்கொடுத்துச் சிரித்தீர்கள் என்றால் குழந்தை உங்கள் முகத்தைத்தான் பார்க்கும், அத்தை முகத்தை இல்லை.

எப்போது சொல்வது என்று எல்லாரும் கேட்கிறார்கள். நாள் குறிக்காதீர்கள். பதினெட்டு ஆகட்டும், கல்யாணத்துக்கு முன்னால் சொல்லலாம் என்றிருந்தால் ஏதாவது ஒரு கல்யாண வீட்டில் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள். தத்து என்ற சொல் வீட்டில் உப்பு, புளி மாதிரி புழங்க வேண்டும். பெரியாழ்வாருக்குத் துளசி வனத்தில் ஆண்டாள் கிடைத்த மாதிரி என்று ஆரம்பிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கேட்க அழகுதான், ஆனால் உங்கள் குழந்தையை ஒரு பெண் பெற்றிருக்கிறாள், அவளுக்குப் பசியோ பயமோ ஏதோ இருந்திருக்கிறது. அவளைக் கதையிலிருந்து எடுத்துவிடாதீர்கள், தெய்வமாக்கவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். "அந்த அம்மா ஏன் என்னைக் குடுத்தாங்க?" என்று என் மகள் ஆறு வயதில் கேட்டாள். "தெரியாது கண்ணு" என்றேன். அது உண்மை. டாக்டர் "குடும்பத்துல யாருக்காவது சுகர் இருக்கா?" என்று கேட்கும்போதும் அதையே நேராகச் சொல்லுங்கள், உங்கள் அப்பாவின் சுகரைச் சொல்லி வைக்காதீர்கள்.

ஒரு பெட்டி வையுங்கள். வந்த நாள் உடுப்பு, செருப்பு, காப்பகத்தில் எடுத்த போட்டோ, சேச்சிகளின் பெயர், அறிக்கைகளின் நகல், கலெக்டர் ஆணை. 18 வயதுக்கு மேல் தன் பூர்விகத்தைத் தேடப் பிள்ளையே விண்ணப்பிக்கலாம், அதற்கு முன்னால் என்றால் நீங்களும் சேர்ந்து போட வேண்டும். பெற்றவளின் ரகசியத்துக்கும் சட்டத்தில் பாதுகாப்பு இருப்பதால் எல்லாமே கிடைத்துவிடும் என்று சொல்லி வைக்காதீர்கள். பெட்டியைப் பரணில் ஏற்ற வேண்டாம். எங்கள் வீட்டில் மகளுடைய அலமாரியின் கீழ்த் தட்டில் இருக்கிறது, மாதம் ஒருமுறை செருப்பை எடுத்துக் காலில் வைத்து அளந்து பார்ப்பாள், இப்போது பெருவிரல் மட்டும்தான் நுழைகிறது.