வெளிநாட்டில் இருந்துகொண்டே சேலம் வீட்டு அட்வான்ஸைத் திரும்ப வாங்குவது எப்படி?

துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போயாயிற்று. அழகாபுரத்திலோ சூரமங்கலத்திலோ இருந்த வாடகை வீட்டையும் வீட்டார் காலி செய்துவிட்டார்கள். ஹவுஸ் ஓனர் மட்டும் "அடுத்த மாசம் தர்றேன்" என்று இழுக்கிறார். ஊரில் இருந்தால் வாசலில் போய் நிற்கலாம். அங்கிருந்து போனில் சத்தம் போட்டால் நம்பரை பிளாக் செய்துவிடுவார், அவ்வளவுதான். எழுத்தில் பேசுங்கள், ஊரில் உங்கள் சார்பில் நிற்க ஓர் ஆளை வையுங்கள்.

படி 1: ஆதாரம்

அக்ரிமென்ட், அட்வான்ஸ் கொடுத்ததற்கான பேங்க் ஸ்டேட்மென்ட், வாடகை அனுப்பிய ஜிபே விவரம். இவை பெரும்பாலும் கையில் இருக்கும். இல்லாமல் போவது சாவி கொடுத்த தேதிக்கான ஆதாரம்தான். "இன்னும் ரெண்டு மாசம் சாவி உங்ககிட்டதானே இருந்துச்சு" என்று ஓனர் சொன்னால் என்ன செய்வீர்கள்? காலி செய்த அன்றே ஈபி மீட்டரையும் எல்லா அறைகளையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அவருக்கே அனுப்பச் சொல்லுங்கள். அது விட்டுப்போயிருந்தால் சர்வீஸ் நம்பரைப் போட்டு ஆன்லைனில் ஈபி பில்லைப் பாருங்கள். இரண்டு மாத ரீடிங்கில் யூனிட் சட்டென்று இறங்கியிருந்தால், ஓரளவுக்கு அதுவும் சாட்சி பேசும்.

படி 2: கணக்குக் கேட்பது

தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதி அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது அது. சண்டை வருவது இந்தக் 'கழிப்பதில்'தான். பெயின்ட் கூலி என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பது பல ஊர்களில் பழக்கம். அக்ரிமென்ட்டில் அது எழுதியிருந்தால் விட்டுவிடுங்கள், மல்லுக்கட்ட வேண்டாம். எழுதாத செலவுக்கு பில் கேளுங்கள். இப்படி எழுதலாம்:

"அண்ணா, வணக்கம். இந்தத் தேதியில் சாவியை உங்களிடம் கொடுத்தோம். அட்வான்ஸ் இவ்வளவு. பிடித்தம் இருந்தால் பில்லோடு சொல்லுங்கள். மீதியை 15 நாளுக்குள் அனுப்பிவிடுங்கள்."

மரியாதை குறையாமல் எழுதுங்கள். நாளைக்கு இதை ஒரு நீதிபதி படிக்கலாம்.

படி 3: பவர்

அப்பாவோ மச்சானோ உங்களுக்காகக் கையெழுத்துப் போட வேண்டுமென்றால் பவர் பத்திரம் தேவை. இந்த ஒரு வேலைக்கு மட்டுமான சிறப்பு பவர் போதும். எல்லாவற்றுக்குமான பொது பவரை யாருக்கும் எழுதிக் கொடுக்காதீர்கள், சொந்தக்காரராக இருந்தாலும். இந்தியத் தூதரகத்தில் நேரில் போய்க் கையெழுத்திட்டுச் சான்று வாங்குங்கள். பத்திரம் இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்தியாக வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

படி 4: நோட்டீஸ்

கெடு முடிந்தும் பதில் இல்லையா? சேலத்திலேயே ஒரு வக்கீலைப் பிடித்து நோட்டீஸ் அனுப்புங்கள். பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைந்துவிட்டது, அதனால் நோட்டீஸ் ஸ்பீட் போஸ்ட்டில்தான் போகும். டெலிவரி விவரத்தைப் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போலீஸ் ஸ்டேஷனுக்கு அலைவது வீண், இது பணத் தகராறு. அப்புறமும் மசியவில்லை என்றால் எந்த நீதிமன்றம் என்பதை வக்கீல் அக்ரிமென்ட்டைப் பார்த்துச் சொல்வார். அது பதிவு செய்யாத 11 மாத அக்ரிமென்ட் என்றால் முதலிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

பணம் தர ஓனர் ஒத்துக்கொண்டால் என்ஆர்ஓ (வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்தியாவில் வரும் பணத்துக்கு வைத்திருக்கும்) கணக்கு எண்ணைக் கொடுங்கள். உள்ளூர் ரூபாய் என்ஆர்இ (வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணத்துக்கான) கணக்கில் ஏறாது.